நோமிக் ஆடுவது எப்படி: விதிகளையே வாக்கெடுத்து மாற்றும் ஆட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

கேரம் போர்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்குவாதம் வந்துவிடும். ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால் ஒரு காய் திருப்பி வைக்கணுமா இரண்டு வைக்கணுமா, சிவப்பைப் போட்டதும் இன்னொரு காயையும் போட்டே ஆகணுமா, இப்படி ஏதாவது ஒன்று. ஒருவர் "எங்க வீட்டுல இப்படித்தான்" என்பார், இன்னொருவர் "எங்க தெருவுல அப்படி இல்லை" என்பார், கடைசியில் போர்டு யாருடையதோ அவர் சொன்னது விதியாகிவிடும். மற்ற எல்லா ஆட்டத்திலும் இந்த வாக்குவாதம் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும். நோமிக்கில் இந்த வாக்குவாதம்தான் ஆட்டமே. உங்கள் முறை வந்தால் நீங்கள் செய்வது ஒரு விதி மாற்றத்தை எழுதி முன்வைப்பது, மற்றவர்கள் செய்வது அதற்கு வாக்களிப்பது. எப்படி வாக்களிப்பது, எத்தனை வாக்கு வேண்டும், எப்படி ஜெயிப்பது என்பதையெல்லாம்கூட வாக்கெடுத்தே மாற்றலாம்.

இதை உருவாக்கியவர் பீட்டர் சூபர். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ஏர்லம் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர், சட்டப் பட்டமும் பெற்றவர். ஓர் அரசியலமைப்பில் "இதை இப்படித் திருத்தலாம்" என்று சொல்லும் பிரிவு ஒன்று இருக்குமே, அந்தப் பிரிவை வைத்தே அந்தப் பிரிவைத் திருத்த முடியுமா என்பது அவரை விடாமல் துரத்திய கேள்வி. அதிலிருந்து பிறந்த ஆட்டம் இது. 1982 ஜூனில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் தன் பத்தியில் இதை அறிமுகப்படுத்தினார், பிறகு 1990-ல் சூபரின் நூலில் பின்னிணைப்பாகவும் வந்தது. சட்டம் என்று பொருள்படும் 'நோமோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

நான் இங்கே சொல்லப்போவது ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் முறை. மின்னஞ்சலில் ஆடுவது பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

ஆளும் பொருளும்

ஐந்து பேர் இருந்தால் மிக நன்றாக இருக்கும், நான்கும் ஆறும்கூடச் சரிதான். இரண்டு பேர் ஆடினால் பெரும்பான்மை என்றாலும் ஒருமனம் என்றாலும் ஒன்றே ஆகிவிடுவதால் வாக்கெடுப்பின் சுவையே போய்விடும். எட்டுக்கு மேல் போனால் ஒவ்வொருவர் முறைக்கும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டி வரும். ஒரு பகடை போதும், லூடோ டப்பாவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி எழுத ஒரு நோட்டு.

விதிகளை நோட்டில் எழுதாதீர்கள், அட்டையில் எழுதுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பின்பக்கம் எழுதினாலே போதும், ஓர் அட்டைக்கு ஒரு விதி. காரணம், இந்த ஆட்டத்தில் விதிகள் சாகும், பெயர் மாறும், எண் மாறும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும். நோட்டில் அடித்து அடித்து எழுதினால் ஒரு மணி நேரத்தில் எது நடப்பில் இருக்கும் விதி என்று யாருக்கும் தெரியாது. எழுத்து தெளிவாக உள்ள ஒருவரை எழுத்தராக வைத்துக்கொள்ளுங்கள், அவரும் சேர்ந்தே ஆடலாம்.

29 விதிகள்

ஆட்டம் 29 விதிகளோடு தொடங்குகிறது. 101 முதல் 116 வரை பதினாறு விதிகள் மாற்ற முடியாதவை, 201 முதல் 213 வரை பதின்மூன்று விதிகள் மாற்றக்கூடியவை. எங்கள் மேசையில் முதல் வகையைப் பூட்டிய விதி என்றும் இரண்டாவது வகையைத் திறந்த விதி என்றும் சொல்லிப் பழகிவிட்டோம், இங்கும் அப்படியே சொல்கிறேன். அட்டைகளை மேசையில் இரண்டு வரிசையாகப் பரப்பி வையுங்கள்.

29-ஐயும் வாசித்துக் காட்டினால் புதியவர்கள் பத்தாவது விதியிலேயே செல்போனை எடுத்துவிடுவார்கள். தொடங்கும்போது திறந்த விதிகளில் சிலவற்றை மட்டும் சொன்னால் போதும். கடிகாரம் சுற்றும் திசையில் ஒவ்வொருவராக ஆட வேண்டும், யாரும் முறையை விட்டுக்கொடுக்க முடியாது, எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குகிறோம் (201). ஒரு முறை என்றால் இரண்டு வேலை: ஒரு விதி மாற்றத்தை முன்வைத்து வாக்கெடுக்க வேண்டும், அப்புறம் பகடையை ஒரு தடவை வீசி விழுந்த எண்ணைப் புள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் (202). எல்லோரும் ஆதரித்தால்தான் மாற்றம் நிறைவேறும், ஆனால் இரண்டு முழுச் சுற்று முடிவதற்குள் இந்த விதியை யாரும் திருத்தாவிட்டால் அதுவே தானாகப் பெரும்பான்மை விதியாக மாறிவிடும் (203). ஒருமனம் தேவையில்லாத நிலை வந்தபின், ஜெயித்த முன்மொழிவை எதிர்த்து வாக்களித்தவர்கள் ஒவ்வொருவருக்கும் 10 புள்ளி (204). முன்மொழிவு தோற்றால் முன்வைத்தவருக்கு 10 புள்ளி குறையும் (206). ஆளுக்கு ஒரு வாக்கு (207). முதலில் 100 புள்ளி எடுப்பவர் வென்றவர் (208).

பூட்டிய விதிகளில் மூன்றைச் சொல்லிவிடுங்கள். வாக்கெடுப்புக்கு முன்பே முன்மொழிவு எழுத்தில் இருக்க வேண்டும் (106). எந்த மாற்றமும் பின்தேதியிட்டுச் செல்லாது (107). விதியில் தடுக்கப்படாத, ஒழுங்குபடுத்தப்படாத எதையும் செய்யலாம், விதிகளை மாற்றுவது ஒன்றைத் தவிர, அதற்கு மட்டும் ஏதாவதொரு விதியின் அனுமதி வேண்டும் (116). மற்றவை ஆட்டத்தின் போக்கில் தேவைப்படும்போது அட்டையை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அப்படித் தெரிந்துகொள்வதுதான் மனதிலும் நிற்கும்.

பகடை வீசிப் புள்ளி சேர்ப்பது சப்பென்று இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். சப்பென்றுதான் இருக்கிறது, அது நல்லதும்கூட. பிடிக்கவில்லையா, உங்கள் முறையில் மாற்றுங்கள். கேட்டவருக்கு அந்த இடத்திலேயே ஆட்டம் பிடிபட்டுவிடும்.

முதல் இரண்டு சுற்று

மாலா, கண்ணன், ரவி, ஜோதி, அன்வர் என்று ஐந்து பேர் இந்த வரிசையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மாலாவின் முன்மொழிவுக்கு எண் 301. அடுத்தது 302. ஜெயித்தாலும் தோற்றாலும் எண் நகர்ந்துகொண்டே போகும் (108), ஆகவே இரண்டு சுற்று முடியும்போது 310-ல் நிற்போம்.

மாலா எழுதுகிறார்: "முன்மொழிவு 301: விதி 206-ல் உள்ள 10 புள்ளி என்பது 5 புள்ளி என்று திருத்தப்படுகிறது." எழுதிவிட்டுச் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்புறம் விவாதம். குழப்பமாக இருக்கிறது, இரண்டு மாற்றங்களை ஒன்றாகக் கட்டியிருக்கிறீர்கள், இதனால் ஒரு பயனும் இல்லை என்று மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், வேறு வாசகமும் பரிந்துரைக்கலாம், அதற்குப் போதுமான நேரம் தர வேண்டும் (111). கடைசி வாசகம் எது, விவாதத்தை எப்போது முடிப்பது என்பது மாலாவின் கையில். வாக்கெடுப்பு முடிந்ததும் எழுத்தர் 206 அட்டையை எடுத்துவிட்டு 301 என்ற புது அட்டையை வைக்கிறார். திருத்தப்பட்ட விதிக்கு முன்மொழிவின் எண்ணே வந்துவிடும், பழைய எண் போய்விடும். சின்ன நடைமுறை போலத் தெரியும், பின்னால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன்.

இந்தக் கட்டத்தில் ஒரே ஒருவர் மாட்டேன் என்றாலும் முன்மொழிவு தோற்கும், முன்வைத்தவருக்குப் புள்ளி குறையும், மைனஸிலும் போகலாம். ஆகவே முதல் சுற்றில் உங்களுக்கு மட்டும் லாபம் தரும் எதையும் எழுதாதீர்கள். எல்லோருக்கும் கொஞ்சம் வேண்டியதை எழுதுங்கள்: அபராதத்தைக் குறைப்பது, பகடையை இரண்டாக்குவது, வாக்கு எப்படிப் போட வேண்டும் என்று தீர்மானிப்பது. இந்தக் கடைசி ஒன்றை நான் அழுத்திச் சொல்வேன். மூல விதிகளில் ஒவ்வொருவரும் கட்டாயம் வாக்களிக்க வேண்டும் என்று இருக்கிறதே தவிர (105), கை தூக்கியா, சீட்டு எழுதியா, வரிசையாகச் சொல்லியா என்று எதுவும் இல்லை. ஒருமனம் தேவைப்படும்வரை இதனால் ஒன்றும் ஆகாது. பெரும்பான்மை வந்தபின் ஆட்டமே இதில்தான் நிற்கிறது.

விதியைத் தமிழில் எழுதுவது

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் ஜெயிப்பதும் தோற்பதும் பாதிக்குமேல் வாக்கியத்தில்தான் இருக்கிறது, நம் மொழியில் சட்ட வாக்கியம் எழுதுவதற்கென்றே சில பள்ளங்கள் இருக்கின்றன.

"எல்லோரும் வாக்களிக்கவில்லை என்றால் முன்மொழிவு தோற்கும்." இதற்கு என்ன பொருள்? ஒருவர்கூட வாக்களிக்காவிட்டாலா, யாராவது ஒருவர் விட்டுப்போனாலா? இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது இந்த வாக்கியம். "ஒருவராவது வாக்களிக்காமல் இருந்தால்" என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது எழுவாய். பேச்சில் நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசிப் பழகியவர்கள், எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். விதியில் "சுற்று முடிந்ததும் 5 புள்ளி சேர்த்துக்கொள்ளலாம்" என்று எழுதினால் யார் சேர்த்துக்கொள்வது? ஐந்து பேரும் சேர்த்துக்கொள்வார்கள், முன்மொழிந்தவர் தலையில் கை வைத்துக்கொள்வார். அதே வாக்கியத்தில் "-லாம்" இன்னொரு கண்ணி: அனுமதியா கட்டாயமா? கட்டாயம் என்றால் "வேண்டும்" என்றும், அனுமதி என்றால் "விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம்" என்றும் எழுதிவிடுங்கள்.

"அவர்" வரும் இடமெல்லாம் சிவப்புக் கொடி. "நடுவர் ஓர் ஆட்டக்காரருக்கு அபராதம் விதித்தால் அவர் அடுத்து பகடை வீசக் கூடாது" என்றால் வீசக் கூடாதவர் நடுவரா ஆட்டக்காரரா? "50-க்கு மேல்" என்றால் 50 சேருமா? "பத்தாவது சுற்று வரை" என்றால் பத்தாவது சுற்று உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா? 'முறை' என்ற சொல்லே தொல்லைதான், ஒருவருடைய வாய்ப்பு, தடவை, வழிமுறை மூன்றுக்கும் அதையே சொல்கிறோம். ஆட்டம் தொடங்கும் முன்பே முறை என்றால் ஒருவரின் வாய்ப்பு, சுற்று என்றால் எல்லோரும் ஒரு தடவை ஆடி முடிப்பது என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் குழப்பங்களை வேண்டுமென்றே வைக்கலாமா என்றால், வைக்கலாம். மற்றவர்கள் வாசித்துவிட்டுத் தலையாட்டிய வாக்கியத்துக்கு இரண்டாவது பொருளை மூன்று முறை கழித்து வெளியே எடுப்பது இந்த ஆட்டத்தில் முறையான நகர்வுதான். நிறைவேறிய மாற்றம் வாக்கெடுக்கப்பட்ட அதே வாசகத்தில்தான் நடப்புக்கு வரும் என்று 106 சொல்கிறது, எழுதியவர் மனதில் இருந்தது செல்லாது. ஆனால் முதல் ஆட்டத்தில் அதைச் செய்யாதீர்கள், புதியவர்கள் மனம் விட்டுப்போகும்.

மூன்றாவது சுற்று

இதுவரை எல்லோரும் நல்லவர்களாக இருந்திருப்பார்கள். 203-ஐ யாரும் தொடவில்லை என்றால் 311-வது முன்மொழிவிலிருந்து பெரும்பான்மை போதும், ஐந்து பேரில் மூன்று வாக்கு. அதோடு 204-ம் விழித்துக்கொள்கிறது. இந்த இடத்துக்காகத்தான் நான் இந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். பகடையில் சராசரியாக ஒரு வீச்சுக்கு 3.5 புள்ளி, அதை மட்டும் நம்பி 100 எடுக்க ஏறத்தாழ 29 முறை ஆட வேண்டும். ஜெயிக்கும் முன்மொழிவை எதிர்த்து ஒரு வாக்குப் போட்டால் ஒரே அடியில் 10, கிட்டத்தட்ட மூன்று வீச்சுக்குச் சமம். அப்படியென்றால் எல்லோருக்கும் வேண்டியது என்ன? முன்மொழிவு ஜெயிக்க வேண்டும், தான் மட்டும் எதிர்த்திருக்க வேண்டும். எல்லோரும் இதையே நினைத்து எதிர்த்துப் போட்டால் முன்மொழிவு தோற்கும், யாருக்கும் பத்து கிடைக்காது, முன்வைத்தவருக்குப் பத்து போகும்.

ரவி 311-ஐ வைக்கிறார் என்று வையுங்கள் (இருக்கை வரிசைப்படி மாலாதான் வைக்க வேண்டும், ஆனால் இரண்டாம் சுற்றில் தொடங்கும் ஆளை மாற்றி ஒரு விதி நிறைவேறியிருக்கலாம், நோமிக்கில் இதெல்லாம் சகஜம்). அவர் வாக்கு ஒன்று, இன்னும் இரண்டு வேண்டும். வாக்கு வரிசையாகச் சொல்லப்படுகிறது. ஜோதி எதிர்ப்பு, அன்வர் எதிர்ப்பு. இப்போது மாலாவும் கண்ணனும் மாட்டிக்கொண்டார்கள். இருவரும் ஆதரித்தால் விதி நிறைவேறும், ஜோதிக்கும் அன்வருக்கும் பத்துப் பத்து. ஒருவர் எதிர்த்தாலும் விதி விழும், ரவிக்கு அடி, யாருக்கும் பத்து இல்லை. அந்த விதி மாலாவுக்கும் கண்ணனுக்கும் உண்மையிலேயே வேண்டியது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆதரிப்பார்கள். வேண்டாதது என்றால் முதலில் எதிர்த்தவர்களுக்கு எதற்குச் சும்மா பத்து கொடுக்க வேண்டும் என்று கவிழ்த்துவிடுவார்கள். ஆக வரிசையில் முன்னால் இருப்பது லாபமா பின்னால் இருப்பது லாபமா என்பது, அந்த விதியை யார் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சீட்டு முறை என்றால் இது முழுக்க வேறு ஆட்டம், ஒருவர் மனதை ஒருவர் ஊகிப்பதாகிவிடும். இதனால்தான் வாக்குப் போடும் வழியை முதல் இரண்டு சுற்றுக்குள் தீர்மானித்துவிடுங்கள் என்றேன். எனக்குச் சீட்டு முறைதான் பிடிக்கும், ஆனால் புதியவர்கள் இருந்தால் வரிசையாகச் சொல்ல வைப்பேன், நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

முன்மொழிந்தவர் தன் முன்மொழிவையே எதிர்த்து வாக்களிக்கலாமா? மூல விதிகளில் தடை எதுவும் இல்லை. மற்ற நால்வரில் மூன்று பேர் ஆதரிப்பார்கள் என்ற உறுதி இருந்தால் ரவியே எதிர்த்துப் போட்டுப் பத்து வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் கொதித்துப்போவார்கள். கொதித்தவர் அடுத்த முறையில் அதைத் தடுத்து ஒரு விதி எழுதுவார், ஆட்டம் நகர்ந்துவிடும்.

மூன்று பேர் கூட்டுச் சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. கூட்டணியின் மூன்று முன்மொழிவும் ஒரு சுற்றில் ஜெயிக்கும், ஒவ்வொன்றையும் எதிர்க்கும் வெளியாட்கள் இருவருக்கும் முப்பது முப்பது. அவர்களுடைய சொந்த முன்மொழிவு தோற்றுப் பத்து போனாலும் கையில் இருபது மிஞ்சும். கூட்டணிக்காரர்களுக்கு வாக்கால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே கூட்டணி அமைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது 204-ஐ ஒழிப்பது. அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது: ஒரே மேசையில் ஆடும்போது இனி வரப்போகும் மாற்றங்களைப் பற்றிக் கூடிப் பேசித் திட்டம் போடக் கூடாது, ஒரே அணியில் இருந்தால் ஒழிய, என்கிறது 210. மேசையில் இருக்கும் முன்மொழிவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம், "அடுத்த முறை நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று சமையலறையில் காதைக் கடிப்பது கூடாது. வேண்டுமென்றால் 210-ஐயே நீக்க முன்மொழியுங்கள்.

பூட்டுவதும் திறப்பதும்

பூட்டிய விதியை நேராகத் திருத்த முடியாது. முதலில் அதைத் திறந்த விதியாக்க வேண்டும், அதற்கு எந்தக் காலத்திலும் ஒருமனம் தேவை, 203 என்ன ஆகியிருந்தாலும் சரி (109). திறப்பது ஒரு முன்மொழிவு, திருத்துவது இன்னொரு முன்மொழிவு, ஆக இரண்டு முறை வேண்டும். வெற்றி என்பது புள்ளி எடுப்பதுதான் என்ற 112-ஐ இப்படித் திறந்துதான் வேறு மாதிரி வெற்றிகளைக் கொண்டுவர முடியும்.

திறப்பதற்குத்தான் ஒருமனம் கேட்கிறது 109. பூட்டுவதற்குக் கேட்கவில்லை. பெரும்பான்மைக் காலம் வந்தபின் மூன்று பேர் சேர்ந்து ஒரு விதியைப் பூட்டிவிட்டால் அதைத் திறக்க ஐந்து பேரும் வேண்டும், அந்த மூவரில் ஒருவர் மாட்டேன் என்றாலே போதும். அது தங்களுக்குச் சாதகமான விதி என்றால் அசைக்கவே முடியாது. இதைவிட வலுவான நகர்வு இந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. நீங்கள் சிறுபான்மையில் இருக்கிறீர்கள் என்றால், பூட்டுவதற்கும் ஒருமனம் வேண்டும் என்ற விதியை இரண்டாவது சுற்று முடிவதற்குள் கொண்டுவந்துவிடுங்கள், அப்போதுதான் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் மனநிலையில் இருப்பார்கள்.

இந்த அடுக்கு நமக்குப் புதிதல்ல. நம் அரசியலமைப்பில் சாதாரணச் சட்டத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை, அரசியலமைப்பைத் திருத்த 368-வது பிரிவின்படி சிறப்புப் பெரும்பான்மை, அந்த 368-ஐயே திருத்த வேண்டுமென்றால் அதோடு மாநிலச் சட்டமன்றங்களில் குறைந்தது பாதியின் ஒப்புதலும் வேண்டும். 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 6 என்ற கணக்கில், திருத்தும் அதிகாரத்தால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்றது. திருத்தங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவே கூடாது என்று 1976-ல் 42-வது திருத்தம் 368-லேயே எழுதி வைத்தது, 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அது செல்லாது என்றானது. விதியை மாற்றும் விதியை யார் மாற்றுவது என்ற ஒரே கேள்விதான் இவ்வளவுக்கும் அடியில். நோமிக்கில் ஒரு மாலை முழுக்க இதைக் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு அந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போது கதை புரியும், எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

நோமிக்கிலும் ஒரு அடிப்படை இருக்கிறது: எப்போதும் ஒரு திறந்த விதியாவது இருக்க வேண்டும், விதி மாற்றம் அடியோடு தடைபடக் கூடாது (114). அதுவும் பூட்டிய விதிதான், ஐந்து பேரும் ஒப்புக்கொண்டால் அதையும் திறக்கலாம்.

எண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பூட்டிய விதிக்கும் திறந்த விதிக்கும் மோதல் வந்தால் பூட்டியது வெல்லும் (110). ஒரே வகை விதிகள் இரண்டு மோதினால் சின்ன எண் வெல்லும் (211). ஆகவே நீங்கள் எழுதும் 314, பழைய 205-ஓடு மோதினால் தோற்றுவிடும், அதில் "விதி 205-ஐ மீறி இது செல்லும்" என்று வெளிப்படையாக எழுதாதவரை. அதே மாதிரி, பழைய விதி ஒன்றைத் திருத்தினால் அது பெரிய எண்ணுக்குப் போய்த் தன் முன்னுரிமையை இழக்கும். ஒரு விதியைப் பலவீனமாக்க வேண்டுமா, அதில் யாரும் எதிர்க்காத ஒரு சொல்லைத் திருத்துங்கள், எண் ஏறிவிடும்.

திறந்த விதிகள் ஒரே நேரத்தில் 25-க்கு மேல் இருக்கக் கூடாது (209). 13-ல் தொடங்குவதால் புதிதாகப் பன்னிரண்டுக்குத்தான் இடம், அதற்குப்பின் ஒன்றை எடுத்தால்தான் ஒன்றை வைக்கலாம்.

நடுவர்

விதியின் பொருளில் தகராறு வந்தால் யார் வேண்டுமானாலும் தீர்ப்புக் கேட்கலாம். ஆடிக்கொண்டிருப்பவருக்கு முந்தைய இருக்கைக்காரர்தான் நடுவர் (212), ரவி முறையில் கண்ணன். அவர் சொன்னதை மாற்ற வேண்டுமென்றால் மற்ற எல்லோரும் ஒருமனதாக, அடுத்த முறை தொடங்குவதற்குள், எதிர்க்க வேண்டும். எதிர்த்தால் அவருக்கும் முந்தியவர், மாலா, நடுவர். நடுவர் நடப்பில் உள்ள விதிகளின்படிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், விதி மௌனமாகவோ முரணாகவோ இருந்தால் ஆட்ட வழக்கத்தையும் ஆட்டத்தின் மனப்போக்கையும் பார்க்க வேண்டும். முந்தைய நடுவரின் தீர்ப்பு அடுத்தவரைக் கட்டுப்படுத்தாது.

பயிற்சிக்கு ஒரு வழக்கு தருகிறேன். 204-ஐ நீக்கும் முன்மொழிவு மூன்றுக்கு இரண்டு என்று ஜெயிக்கிறது. எதிர்த்த இருவரும் "எங்களுக்குப் பத்துப் பத்து" என்கிறார்கள். நிறைவேறிய மாற்றம் வாக்கெடுப்பு முடியும் அந்தக் கணத்திலேயே நடப்புக்கு வருகிறது என்கிறது 205, அப்படியென்றால் முன்மொழிவு ஜெயித்த அதே கணத்தில் 204 இல்லை, பத்தும் இல்லை. ஆனால் அவர்கள் வாக்குப் போடும்போது 204 உயிரோடு இருந்தது, பின்தேதி மாற்றம் கூடாது என்று 107 சொல்கிறதே? இரண்டு பக்கமும் வலுவாக வாதாடலாம். நான் நடுவராக இருந்தால் புள்ளி கொடுத்துவிடுவேன், வாக்குப் போட்ட நேரத்தில் அவர்களுக்கு இருந்த எதிர்பார்ப்பை விதி நீக்கத்தால் பறிப்பது பின்தேதி மாற்றம்தான் என்பது என் கருத்து.

முடிவது

யாராவது 100-ஐத் தொட்டால் முடிந்தது. இன்னொரு வழியும் இருக்கிறது, நோமிக் ஆடிப் பழகியவர்கள் பலர் இதைத்தான் தேடுவார்கள். ஆட்டம் மேலே நகர முடியாதபடி விதிகள் மாறிவிட்டால், அல்லது ஒரு நகர்வு செல்லுமா செல்லாதா என்று முடிவாகச் சொல்ல முடியாமல் போனால், அல்லது நடுவரின் கண்ணுக்கு அது சரிசமமாகச் செல்வதாகவும் செல்லாததாகவும் தெரிந்தால், தன் முறையை முடிக்க முடியாமல் போகும் முதல் ஆள் வெற்றி (213). அதாவது ஒரு முரண்பாட்டைச் சரியாகக் கட்டி, அது தன் முறையில் வெடிக்கும்படி வைத்தால் மைனஸ் இருபதில் இருப்பவரும் ஜெயிக்கலாம். இரண்டு விதிகளைத் தனித்தனி முறைகளில், ஒன்றோடொன்று மோதும்படி, முன்னுரிமையையும் ஒன்றின்மேல் ஒன்று தள்ளும்படி எழுத வேண்டும்: இது அதற்கு வழிவிடும், அது இதற்கு வழிவிடும். ஆனால் இரண்டும் இப்படி ஒன்றுக்கொன்று வழிவிட்டால் மறுபடியும் சின்ன எண்ணே வெல்லும் என்கிறது 211, ஆகவே அதற்கு முன்னால் 211-ன் அந்தப் பகுதியையும் மாற்றியிருக்க வேண்டும். முதல் பாதியை நிறைவேற்றும்போது யாருக்கும் சந்தேகம் வராமல் இருப்பதுதான் கடினம்.

யாருக்காவது போதும் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் தோல்வியை ஒப்புக்கொண்டு விலகலாம், தோல்வியைவிடப் பெரிய தண்டனை எதுவும் கிடையாது என்று 113 பாதுகாப்புத் தருகிறது. பிள்ளைகளோடு ஆடும்போது இந்த விதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மின்னஞ்சலில் ஆடுவதென்றால் பகடை கிடையாது. முன்மொழிவு எண்ணிலிருந்து 291-ஐக் கழித்து, கிடைத்த ஆதரவு வாக்கின் விகிதத்தால் பெருக்க வேண்டும். 301-க்கு எல்லோரும் ஆதரவு என்றால் 10 புள்ளி, பாதிப் பேர் என்றால் 5. வெற்றிக்கு 200 வேண்டும், 210-ன் கூடிப் பேசும் தடையும் அங்கே இல்லை. 1993-ல் மின்னஞ்சலில் தொடங்கிய அகோரா என்ற நோமிக் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, வெற்றி வந்தாலும் ஆட்டம் நிற்காதபடி தன் விதிகளை அது மாற்றிக்கொண்டுவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் அட்டைகளைக் கலைத்துவிடாதீர்கள், நிறைவேறியவற்றை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று யாராவது கேட்பார்கள். புது ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் அந்த 29-தான் நடப்பில் இருக்கும் என்கிறது 101, அதுவும் பூட்டிய விதி. பழைய விதிகள் வேண்டுமென்றால் இந்த ஆட்டத்துக்குள்ளேயே, யாரும் 100-ஐத் தொடுவதற்கு முன்பே, ஐந்து பேரும் சேர்ந்து 101-ஐத் திறந்து மாற்றியிருக்க வேண்டும்.